கிழியாத புருவம்

மார்ச் 4

இல்லை, வாஸலின் மட்டும் போதாது. எதிராளியின் கையுறை முகத்தில் பிடிக்காமல் வழுக்கிப் போகும், அவ்வளவுதான் அதன் வேலை. அடியில் இருக்கும் தோல் காய்ந்த சருகாக இருந்தால் எதைப் பூசினாலும் பிளக்கும்.

நான்கு மாதத்துக்குப் பிறகு ஒரு தபால் அட்டை. இரண்டே வரி. "மே 11ல் இடக்கையனோடு பத்து ரவுண்டு. முகம் கிழியாமல் இருக்க என்ன போட வேண்டும், வாஸலின் மட்டும் போதுமா?" எப்படி இருக்கிறாய் என்று இல்லை. பல் என்ன ஆயிற்று என்று இல்லை. குத்துச்சண்டைப் பயிற்சி முகாமில் மாஸ்டர் எல்லார் போனையும் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டாராம், கேள்விப்பட்டேன். அதனால் அட்டை. இல்லையென்றால் ஒரு மிஸ்டு காலோடு முடித்திருப்பாய்.

சரி. கேட்டதற்குப் பதில்.

காலையில் ஓடப் போகும் முன் முகம் கழுவு. துணி துவைக்கிற அந்த நீலச் சோப்பு வேண்டாம். நுரை குறைவான திரவம் ஒன்று அனுப்பியிருக்கிறேன், சுண்டைக்காய் அளவு போதும். துண்டால் தேய்க்காதே, ஒற்றி எடு. ஈரம் முழுதும் காய்வதற்குள் வெள்ளை டப்பாவில் இருக்கும் க்ரீம். அதற்கு மேல் சன் ஸ்க்ரீன். வெயில் தழும்பைத்தான் முதலில் பிடிக்கும். கறுக்கும், தடிக்கும், விறைக்கும். விறைத்த இடம்தான் பிளக்கிற இடம். ராத்திரி கழுவு, க்ரீம் போடு, தூங்கு. மூன்று சாமான். ஐந்து நிமிடம்.

சவரம், முடி வளரும் திசையிலேயே. எதிர்த்து இழுக்காதே. சண்டைக்கு மூன்று நாள் முன்பே பிளேடைக் கீழே வைத்துவிடு. படிகாரம் வேண்டாம். எரிந்தால்தான் ஆண்பிள்ளை என்று நினைப்பவர்கள்தான் எங்கள் கிளினிக் வரிசையில் பாதிப் பேர்.

உன் ரிங் மூலையில் ஆறு வருடம் நின்றேன். அப்போதே இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். அப்போது வந்த ரத்தத்தை நிறுத்துவது மட்டும்தான் என் வேலை. பஞ்சு, வீக்கத்தை அமுக்கக் குளிர்ந்த இரும்பு, இரண்டு ரவுண்டுக்கு நடுவில் அறுபது விநாடி. வராமல் பார்த்துக்கொள்வது பற்றி யோசிக்க அறுபது விநாடி போதவில்லை. இப்போது தோல் டாக்டரம்மாவிடம் உதவியாளர். யோசிக்க நேரம் நிறைய இருக்கிறது.

கீழ்ப்பல் ஒன்று போய்விட்டது. பக்கத்துப் பல் ஆடுகிறது.

அக்கா


மார்ச் 12

அக்கா,

பார்சல் வந்தது. முதல் நாள் காலை வாஷ் பேசின் முன்னால் நின்று க்ரீம் போட்டேன். பின்னால் வரிசையில் பதினோரு பேர். "மேக்கப் முடிஞ்சா சொல்லு மாப்ளே, கேமராமேன் காத்துக்கிட்டிருக்கான்" என்றான் ஒருத்தன். இன்னொருத்தன் சன் ஸ்க்ரீனை எடுத்து அவன் வெள்ளை ஷூவில் போட்டுத் தேய்த்தான். சாயங்காலம் பயிற்சிச் சண்டையில் ஷூக்காரன்தான் என் ஜோடி. இரண்டாவது ரவுண்டில் இடது விலாவில் வைத்தேன். உள்ளே சுள்ளி முறிகிற சத்தம். மூன்று நாளாக அவன் சிரிப்பதில்லை, சிரித்தால் வலிக்கிறதாம். மேக்கப் என்று இப்போது யாரும் சொல்வதில்லை.

லாரி என்று ஒருத்தன் இருக்கிறான், நூற்றிப் பத்து கிலோ. தினமும் சிரைத்துச் சிரைத்துக் கழுத்தெல்லாம் சிவப்புக் கொப்புளம். யாரும் இல்லாதபோது வந்து, "டேய் தையலு, அந்தக் க்ரீம் கழுத்துக்கும் ஆகுமாடா? உங்க அக்காவக் கேட்டு எழுது. நான் கேட்டேன்னு எழுதிடாத" என்றான். ஆகவே லாரி கேட்டான் என்று நான் எழுதவில்லை.

இங்கேயும் எனக்குப் பெயர் தையல்தான். பெயர் முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது.

பல் விஷயம். நான் தள்ளினேன். நீ பெஞ்சு முனையில் விழுந்தாய். நான் முன்னிலையில் இருந்தேன் அக்கா. நான்காவது ரவுண்டு, அவன் முழங்கால் ஆடியது, எனக்குத் தெரிந்தது. நீ டவலை எறிந்து சண்டையை நிறுத்திவிட்டாய். அப்புறம் உடை மாற்றும் அறையில் என்ன எதிர்பார்த்தாய், மாலையா?

ஐந்து தோல்வி. ஐந்தும் ரத்தத்தால். யாரும் என்னைக் கீழே சாய்த்ததில்லை. பலம் இருக்கிறது, தோல்தான் இல்லை. நீ தோலைக் கொடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி


மார்ச் 19

கழுத்துக்கும் ஆகும். கேட்காத லாரியிடம் சொல். வெந்நீரில் நனைத்த துணியைக் கழுத்தில் இரண்டு நிமிடம் வைத்துவிட்டுச் சிரைக்கட்டும். புது பிளேடு, ஒரே இழுப்பு, வழவழப்பு வேண்டாம். ஒரு வாரம் சிரைக்காமலே இருந்தால் இன்னும் நல்லது.

கிளினிக்கில் ஆண்கள் வரும் விதமே தனி. மனைவியின் நோயைக் கேட்க வந்தவர்கள் மாதிரி உட்காருவார்கள். நேற்று ஒருவர். முகம் பொலிவாக வேண்டும் என்று பாத்திரம் தேய்க்கிற நாரால் ஒரு மாதம் தேய்த்திருக்கிறார். "ஸார், உங்க மூஞ்சி என்ன அடிப்பிடிச்ச சட்டியா?" என்று டாக்டரம்மா கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "சட்டிக்கு நல்லா வேலை செய்யுதே மேடம்" என்றார்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. உங்கள் ஊர் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே ராத்திரி க்ரீம் ஒன்று கொடுப்பார்கள், ஆரஞ்சு மூடி. பருவுக்கும் சுருக்கத்துக்கும் நல்ல மருந்துதான். ஆனால் முதல் சில வாரம் மேல்தோலை உரிக்கும், மெலிய வைக்கும். அதைப் போட்டுக்கொண்டிருந்த பஸ் டிரைவர் ஒருவருக்குச் சலூனில் துண்டால் அழுத்தித் துடைத்ததற்கே கன்னத்தில் தோல் வழன்று வந்துவிட்டது. உனக்கு அது ஒருபோதும் வேண்டாம். யார் கொடுத்தாலும் தொடாதே.

இனி பல் விஷயம். நீ தள்ளவில்லை. கையுறை கழற்றியாயிற்று, கைக்கட்டு இருந்தது. அதை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்து நிமிர்ந்தேன். உன் வலது கை என் வாயில் விழுந்தது. பெஞ்சு எனக்குப் பின்னால் இருந்தது. பெஞ்சில் விழுந்தவளுக்குப் பின்மண்டைதான் உடையும், முன்பல் உடையாது. உன் புருவத்தில் அப்போதும் என் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

வருத்தம் தெரிவி என்று கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடி வைத்துக்கொள்வோம் என்கிறேன்.

உன் முகத்தை எனக்கு நம் தெரு மாதிரி தெரியும். இடது புருவம், பதினொரு தையல். வலது, ஆறு, அதன் மேலேயே பிறகு ஒரு நான்கு. மூக்குத்தண்டில் மூன்று. உதட்டுக்குக் கீழே ஒன்று, அது என் கைத்தையல், ஆம்புலன்ஸ் வர நேரமாயிற்று.

அக்கா


மார்ச் 30

அக்கா,

எழுதியே ஆக வேண்டும். நேற்று எட்டு ரவுண்டு. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

மாஸ்டர் மூன்று பேரை மாற்றி மாற்றி இறக்கினார். களைத்தவன் வெளியே, புதியவன் உள்ளே. நான் மட்டும் உள்ளேயே. கடைசியில் லாரி. என்னைக் கயிற்றில் சாய்த்து வைத்துக்கொண்டு கொடுத்தான். வலது, வலது, இடது. பழைய புருவமாக இருந்தால் இரண்டாவது அடிக்கே குழாய் திறந்திருக்கும். நேற்று வீங்கியது, அவ்வளவுதான். மாஸ்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "டேய், இது ஒன் மூஞ்சிதானா? எவன்கிட்ட இரவல் வாங்கின?" என்றார். நிறுத்தவே இல்லை. நிறுத்த ஒரு காரணமும் இல்லையே. ஏழாவதில் லாரியே, "போதும் மாஸ்டர், எனக்குக் கை வலிக்குது" என்றான். "ஒனக்கு வலிச்சா நீ எறங்கு" என்றார்.

எட்டாவது ரவுண்டு எனக்கு ஞாபகம் இல்லை. நின்றேன் என்கிறார்கள்.

அப்புறம் ஒரு வேடிக்கை. குளித்துவிட்டு அறைக்குப் போனால் என் கட்டிலில் எவனோ படுத்திருக்கிறான். எழுப்பி ஒன்று விட்டேன். மூக்கு உடைந்து தலையணையெல்லாம் ரத்தம். பார்த்தால் அது அவன் அறை. என்னுடையது அடுத்தது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

காதுக்குள் ஒரு இரைச்சல். குளித்த தண்ணீர் போயிருக்கும் என்கிறார் மாஸ்டர்.

சில சந்தேகங்கள். காலையில் முதலில் க்ரீமா, கழுவுவதா? சிரைக்கும்போது எந்தப் பக்கமாக இழுக்க வேண்டும்? முகம் கிழியாமல் இருக்க வாஸலின் மட்டும் போதுமா?

பல் எப்படி இருக்கிறது? நீ பெஞ்சில் விழுந்ததில் எனக்கும் வருத்தம்தான்.

தம்பி


ஏப்ரல் 5

வாஸலின் மட்டும் போதுமா என்று நீ இரண்டாவது முறை கேட்கிறாய்.

உன் அட்டையையும் இந்தக் கடிதத்தையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்திருக்கிறேன். அதே கேள்வி, ஏறக்குறைய அதே சொற்கள். நான் இரண்டு பக்கம் பதில் எழுதினேன். அதன்படி ஒரு மாதம் செய்திருக்கிறாய். செய்வது கைக்குத் தெரிந்திருக்கிறது, உனக்குத் தெரியவில்லை. அட்டையில் உன் வரிகள் நேராக இருக்கின்றன. கடிதத்தில் எல்லா வரியும் வலது பக்கம் கீழே இறங்குகிறது. ஒரு வாக்கியத்தை இரண்டு முறை எழுதி ஒன்றை அடித்திருக்கிறாய்.

பக்கத்து அறைக்காரன் மூக்கு எனக்கு வேடிக்கையாக இல்லை.

நான் என்ன செய்துவிட்டேன் என்று இன்றுதான் புரிந்தது. கேள். ஐந்து முறை உனக்குக் கடினமான ஆள் அமைந்தான். ஐந்து முறையும் நான்காவதிலோ ஐந்தாவதிலோ உன் புருவம் கிழிந்தது, ரெஃப்ரி கையை ஆட்டினார், அல்லது நான் டவலை எறிந்தேன். யாரும் உன்னைச் சாய்த்ததில்லை என்கிறாய். சாய்க்க நேரம் கொடுக்கவில்லை உன் புருவம். நாம் இரண்டு பேரும் அதைத் திட்டிக்கொண்டிருந்தோம். நான் அதைச் சரி செய்துவிட்டேன். இப்போது மூன்று பேர் எட்டு ரவுண்டு உன் தலையை அடித்தாலும் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. தெரியாததால் எவரும் நிறுத்துவதில்லை.

சண்டையிலிருந்து விலகு. தலைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும். தனியாகப் போக வேண்டாம், நான் லீவு போட்டுக்கொண்டு வருகிறேன்.

உன்னைக் கெஞ்சியதில்லை. இது கெஞ்சல்தான்.

அக்கா


ஏப்ரல் 12

உன் கடிதத்தை மாஸ்டரிடம் காட்டினேன். எல்லாரையும் உட்காரவைத்துச் சத்தமாகப் படித்தார். "இது இவன் அக்காவா, இல்ல அந்த இடக்கையன் வெச்ச ஆளா?" என்றார். சிரித்தார்கள். லாரி மட்டும் எழுந்து போனான். அவனுக்கு எப்போதும் வயிறு சரியில்லை.

கேட்டதை மறுபடி கேட்டால் மறதியா? சின்ன வயதில் ஒரு நாளைக்கு இருபது தரம், "சாப்பிட்டியா, சாப்பிட்டியா" என்று கேட்பாய். முதலில் உன் தலையைக் கொண்டுபோய் ஸ்கேனில் வை.

இது பட்டத்துக்கான சண்டை. எனக்கு இருபத்தெட்டு. இதை விட்டால் கூப்பிட மாட்டார்கள். அப்புறம் என்ன செய்யச் சொல்கிறாய், உன் கிளினிக் வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கவா? பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எதிரே நிற்பவன் முகம் எங்கே உடையும் என்று தெரியும். அதுவும் வேண்டாம் என்றால் நான் என்ன, சொல்.

அன்றைக்கு அரங்குக்கு வராதே. டவலோடு உன்னைப் பார்த்தால் ரிங்கை விட்டு இறங்கி வருவேன். தள்ள மாட்டேன். அடிப்பேன். மிச்சப் பல்லையும் உன் கையிலேயே எண்ணிக் கொடுப்பேன்.

இனிமேல் எழுதாதே.

முகம் கழுவுகிற திரவம் தீர்ந்துவிட்டது. இரண்டு பாட்டிலாக அனுப்பு.


ஏப்ரல் 17

இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். சன் ஸ்க்ரீன் ஒன்று.

கூடவே ஆரஞ்சு மூடி போட்ட டியூப் ஒன்று. ராத்திரி, முகம் கழுவி ஒற்றிய பிறகு, பட்டாணி அளவு. இரண்டு புருவத்தின் மேலும் கன்ன எலும்பின் மேலும். தினமும்.

சிவக்கும். எரியும். சில நாளில் உரியத் தொடங்கும். அப்போதும் நிறுத்தாதே.

நான் அரங்குக்கு வரவில்லை.

அக்கா


மே 1

அக்கா,

உரிகிறது. "பாம்பு சட்டையக் கழட்டுதுடா" என்கிறான் லாரி. அவனும் கேட்டான், கொடுக்கவில்லை. இது எனக்கு மட்டும். வேர்வை பட்டால் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி இருக்கிறது. நீ எரியும் என்றாய், எரிகிறது. நிறுத்தாதே என்றாய், நிறுத்தவில்லை. உன் ஏப்ரல் கடிதத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, அதைப் பார்த்துப் பார்த்துப் போடுகிறேன். போட்டோமா என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடுகிறேன்.

நேற்று லேசான பயிற்சிதான், தலைக்கவசம் கூட இருந்தது. இடது புருவம் கீறிவிட்டது. ஒரு தட்டுதான் தட்டினான், கண்ணுக்குள் ரத்தம். மாஸ்டர் பசை வைத்து ஒட்டினார். எனக்குப் பயம் வந்தது. நிறுத்திவிடுவார்களே மாஸ்டர் என்றேன். "அட போடா. ரெஃப்ரி நம்ம பழைய ஆளு. ரெண்டு தரப்பும் ஒக்காந்து பேசியாச்சு. பட்டச் சண்டை, ரத்தத்துக்கெல்லாம் நிறுத்துற பேச்சே கெடயாது. கண்ணு தொங்கினாத்தான் மணி அடிப்பாங்க" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

நான் உனக்குக் கோபமாக ஏதாவது எழுதினேனா? லாரி அப்படிச் சொல்கிறான். என்ன எழுதினேன் என்று சரியாக வரவில்லை. எதுவாக இருந்தாலும் மன்னித்துவிடு.

பல் பற்றி யோசித்தேன். அந்த அறை துண்டு துண்டாக வருகிறது. குழாய் சொட்டுகிற சத்தம். உன் கத்தரிக்கோல். நீ வாயில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. நான் அடித்தேன் என்று நீ சொன்னால் அடித்திருப்பேன். நீ பொய் சொல்கிறவள் இல்லை.

இதையெல்லாம் யாரிடமும் சொல்லாதே. பத்து நாள்தான்.

தம்பி


மே 5

அந்த டியூபைக் குப்பையில் போடு. இப்போதே, நின்றபடியே. போட்டுவிட்டு வந்து மேலே படி.

என் மார்ச் 19 கடிதம் உன்னிடம் இருந்தால் எடு. ஆரஞ்சு மூடியை ஒருபோதும் தொடாதே என்று அதில் எழுதியிருக்கிறேன், காரணத்தோடு. அதே க்ரீமைத்தான் அனுப்பினேன். மூடியின் நிறத்தைக்கூட மறைக்கவில்லை. உனக்கு ஞாபகம் இருந்தால் தூக்கி எறிந்திருப்பாய், என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டி எழுதியிருப்பாய். அப்படிக் கடிதம் வந்திருந்தால் இரண்டு வாரமும் சந்தோஷமாக இருந்திருப்பேன். நீ சுவரில் ஒட்டிவைத்துப் போட்டிருக்கிறாய்.

வேண்டுமென்றேதான் செய்தேன். நான் நினைத்தது இது. தோல் மெலியும். இரண்டாவது ரவுண்டில் கிழியும். ரெஃப்ரி நிறுத்துவார். நீ தோற்பாய், தலை தப்பும். என்னை வெறுப்பாய், அது பழகிவிட்டது. ரத்தத்துக்கு நிறுத்துவதில்லை என்று அங்கே பேசி வைத்திருப்பது எனக்குத் தெரியாது. மூலையில் ஆறு வருடம் நின்றவள், யார் ரெஃப்ரி என்று விசாரிக்காமல் விட்டேன். ஆக நான் சாதித்தது, உன் இரண்டு கண்ணையும் ரத்தத்தால் மூடி அந்த இடக்கையன் முன்னால் பத்து ரவுண்டு நிறுத்த ஏற்பாடு செய்ததுதான்.

அடி வாங்காதவனுக்கு அது நல்ல மருந்து. உனக்கு நான் கொடுத்தது அடி. நீ என்னை ஒரு முறை அடித்தாய். நான் உன்னைப் பதினான்கு ராத்திரி அடித்திருக்கிறேன், கை படாமல், உன் கையாலேயே.

திருட்டுத்தனமாக ஒன்று செய்து பார்த்தாயிற்று. இனி உன் முகத்துக்கு நேராக. 10ஆம் தேதி எடை பார்க்கும்போது நீ சண்டைக்குத் தகுதி என்று கையெழுத்துப் போடும் ரிங் டாக்டர் யார் என்று கண்டுபிடித்தேன். அவருக்கு உன் தபால் அட்டை, மார்ச் 30 கடிதம், மே 1 கடிதம் மூன்றையும் கூரியரில் அனுப்பிவிட்டேன். டியூப் பற்றியும் எழுதினேன். என் பெயர், வேலை செய்யும் இடம் எல்லாம் போட்டிருக்கிறேன். டாக்டரம்மாவிடமும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "நீ இங்க இருக்கணுமா வேணாமான்னு அப்புறம் பேசலாம்" என்றார்.

யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். சொல்லிவிட்டேன்.

புருவத்தில் வெள்ளை டப்பா க்ரீம் மட்டும் போடு. வேறு ஒன்றும் வேண்டாம்.

அக்கா


மே 10

டாக்டர் ஐந்து சொல் சொன்னார். ஏணி, பால், கதவு, இன்னும் இரண்டு. ஐந்து நிமிடம் வேறு ஏதோ பேசிவிட்டு, திருப்பிச் சொல் என்றார். மூன்று வந்தது. கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். நடந்தேன், சுவரில் போய் முட்டினேன். அப்புறம் உன் உறையை எடுத்தார். என் கையெழுத்து. எல்லார் முன்னாலும் என் கையெழுத்தை என்னிடமே காட்டி, இது உன்னுடையதா என்றார்.

லைசென்ஸ் போய்விட்டது. அந்தத் தாளில் முத்திரை குத்திய சத்தம் இன்னும் கேட்கிறது.

மேசையைக் கவிழ்த்தேன். எடை மிஷினைத் தூக்கிக் கண்ணாடிக் கதவில் எறிந்தேன். இரண்டு பேருக்குக் கை கிழிந்தது. ஒருத்தன் கழுத்தைப் பிடித்தேன், யார் என்று பார்க்கவில்லை. லாரி என்னைக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்தான். "அடிக்காதடா, போதும்டா" என்று அழுதது அவன்தான், நான் இல்லை. "அக்காளும் தம்பியும் சேந்து என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டீங்கடா" என்றார் மாஸ்டர். என் பை கேட்டுக்கு வெளியே கிடந்தது.

உன் கடிதம் பாக்கெட்டில் இருக்கிறது. நாலு தரம் படித்துவிட்டேன். ஒவ்வொரு தரமும் புதிதாகப் படிக்கிற மாதிரி கோபம் வருகிறது.

நாளைக்கு லாரியின் சண்டை, அதைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறுவேன். 13ஆம் தேதி சாயங்காலம் வீட்டில் இரு. கதவு பூட்டியிருந்தால் உடைப்பேன். வந்து உன்னை என்ன செய்யப் போகிறேன் என்று நான் எழுத வேண்டியதில்லை.


மே 14

நீ மறுபடி கேட்பாய். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நடுவில் ஒரு சுவர்தான், இருந்தாலும் எழுதி உன் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். கேட்கத் தோன்றும்போது இதை எடுத்துப் படி.

நேற்று நடந்தது.

கத்தி, இஸ்திரிப் பெட்டி, அம்மிக்குழவி எல்லாவற்றையும் மாடிவீட்டில் கொடுத்து வைத்தேன். பூட்டை மாற்றவில்லை. ஆறரைக்கு வந்தாய். கதவு திறந்துதான் இருந்தது, இருந்தும் உதைத்தாய். மேல் கீல் பெயர்ந்துவிட்டது. புருவம் இரண்டும் பொருக்கு. கன்னத்தில் தோல் திட்டுத் திட்டாக, அது என் வேலை.

நாற்காலியைச் சுவரில் அடித்தாய். தட்டு, டம்ளர், ரேடியோ. என் தலைமுடியைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து நிறுத்தினாய். வலது கையை ஓங்கினாய். நான் கண்ணை மூடவில்லை. மூடினால் அது யார் கை என்று எனக்கும் மறந்துவிடும் என்று தோன்றியது.

"ஏன் டவல எறிஞ்ச? நான் ஜெயிச்சிக்கிட்டிருந்தேன்ல? அவன் கால் ஆடிச்சு, நீ பாக்கல?" என்றாய்.

டியூப் பற்றிக் கேட்பாய் என்று காத்திருந்தேன். டாக்டரைப் பற்றிக் கேட்பாய் என்று. கடிதத்தின் ஓரம் உன் சட்டைப்பையில் தெரிந்தது. நீ கேட்கவே இல்லை. டவல் பற்றியே கேட்டாய், மூன்று முறை.

அங்கேயே விட்டிருக்கலாம். டவலுக்காக ஒரு அடி வாங்கிக்கொண்டு, மற்றது உனக்கு நினைவு வராமலே போகட்டும் என்று இருந்திருக்கலாம். ஒரு நிமிடம் அப்படி நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

"அது போன நவம்பர்ல. இப்ப நீ அதுக்கு வரல" என்றேன்.

உன் கை அப்படியே நின்றது. "அப்ப நான் எதுக்கு வந்தேன்?" என்றாய்.

சொன்னேன். டியூப், பதினான்கு ராத்திரி, கூரியர், லைசென்ஸ். உன் பிடியில் இருந்தபடியே, ஒன்றையும் விடாமல். நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். பிறகு அடித்தாய். என் காதை ஒட்டி இருந்த சுவர்க் கண்ணாடியில் போனது கை. குறி தப்பியதா, நீ தப்பவிட்டாயா, எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது.

அப்புறம் தரையில் உட்கார்ந்தாய். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "அக்கா, கைய எங்கயோ வெட்டிக்கிட்டேன் போலருக்கு" என்றாய். குரலில் கோபமே இல்லை.

கண்ணாடித் துண்டுகளை எடுத்தேன், ஏழு இருந்தது. கழுவிக் கட்டினேன். சாப்பிட்டுத் தூங்கிவிட்டாய்.

இன்று காலை ஸ்கேன் எடுக்கும் இடத்துக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வரச் சொன்னார்கள். நோயாளிக்கு என்ன வயது என்று கேட்டார்கள், சொன்னேன். என்ன வேலை என்று கேட்டார்கள். குத்துச்சண்டை என்றேன். "இன்னும் ஆடுறாரா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

இல்லை என்று சொல்லி, நேரத்தைக் குறித்துக்கொண்டு, போனை வைத்தேன்.